மாத வீதிகளில் நடராஜா சர்வீஸ்

மதுரை டவுனுக்குள் வழி கண்டுபிடிக்கத் தமிழ் மாதங்கள் தெரிந்திருந்தால் போதும். கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கடுத்த சுற்று ஆவணி மூல வீதி, அதற்கும் அடுத்தது மாசி வீதி, கடைசியில் பெயரிலேயே வெளியே தள்ளப்பட்ட வெளி வீதி. ஆனால் சித்திரைத் தேர் பார்க்க வந்தவர் சித்திரை வீதியில் போய் நின்றால் வெயில்தான் மிச்சம். தேர் ஓடுவது மாசி வீதியில். மாசியில் நடந்துவந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தேர் மட்டும் பழைய தடத்தை விடவில்லை என்பார்கள். எங்கள் ஊரில் ராஜா நினைத்தால் மாதத்தை மாற்றலாம், போகிற வழியை மாற்ற முடியாது.

எங்கள் வீடு வடக்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் இருந்தது. எதிரே சைக்கிள் வந்தால் நாம் திண்ணையில் ஏறி நிற்க வேண்டும். மாடு வந்தால் சைக்கிள்காரரும் ஏற வேண்டும். அறுபதுகளில் அங்கே போக்குவரத்து நெரிசல் என்றால் அவ்வளவுதான்.

அப்பாவுக்குத் தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. வடக்கிலிருந்து தெற்கே போக அவருக்கு இருந்த குறுக்குவழி, கோயில். மொட்டைக் கோபுர வாசலில் நுழைந்து, ஆடி வீதியைப் பிடித்து, தெற்குக் கோபுரத்தில் வெளியே வந்துவிடுவார். காலில் செருப்புப் போடாத மனிதர் என்பதால் வாசலில் நிற்கக்கூட வேண்டியதில்லை. போகிற போக்கில் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அதை மீனாட்சி தரிசனத்தில் வரவு வைத்தாளா, போக்குவரத்தில் வைத்தாளா என்பது அவளுக்கே வெளிச்சம். இப்போது அதே வாசலில் செருப்பை ஒப்படைத்து, 2018க்குப் பிறகு செல்போனையும் ஒப்படைத்து, சோதனைக்குக் கையைத் தூக்கி நின்று உள்ளே போக வேண்டும். நுழைந்த வாசலுக்கே திரும்பினால்தான் செருப்பு கிடைக்கும். அப்பா இன்று இருந்தால் கடைக்குத் தினமும் லேட்.

அம்மாவின் நடைக்கு வேறு கணக்கு. “கோயிலுக்குப் போயிட்டு வந்துர்றேன்” என்பது, வீட்டில் எந்த ஆம்பிளையும் மறுப்புச் சொல்ல முடியாத ஒரே வாக்கியம். அந்த ஒரு அனுமதிக்குள் புதுமண்டபத்தில் ஜாக்கெட், மேல ஆவணி மூல வீதியில் பெரியம்மா வீட்டுக் காபி, திரும்பும்போது சென்ட்ரல் மார்க்கெட்டில் கத்தரிக்காய் எல்லாம் அடங்கிவிடும். புதுமண்டபத்தில் அப்போது நாயக்கர் காலத்துச் சிலைகளின் காலடியில் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். துணியைக் கொடுத்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், தைத்து மடித்து வைத்திருப்பார்கள். அந்தக் கடைகளையும் இப்போது பக்கத்துக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துத் தூண்களுக்கு நல்லதுதான். தூண்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பித்தான் அறுந்தால் தைக்க ஆளில்லை, அவ்வளவே.

உடனே அதெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லப்போவதாக நினைத்துவிட வேண்டாம். திறந்த சாக்கடை, அதன் ஓரத்தில் பிள்ளைகள், மழை பெய்தால் எது சாக்கடை எது வீதி என்ற வித்தியாசமின்மை, மார்க்கெட்டைச் சுற்றி அழுகிய முட்டைக்கோஸ், வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த என் மாமா. நடைபாதை என்ற ஒன்றைப் பாடப் புத்தகத்துப் படத்தில்தான் பார்த்திருந்தோம். நடந்ததும் நடக்கப் பிடித்ததால் அல்ல. ரிக்‌ஷாவுக்குக் கொடுக்கக் காசில்லை. விளக்கு வைத்த பிறகு அம்மா தனியாக வெளியே போன ஞாபகமும் எனக்கில்லை. கோயில் என்ற சாக்குக்கும் ஒரு நேர வரம்பு இருந்தது.

மதுரையை மேம்படுத்துவது என்பதும் புதுச் சங்கதி இல்லை. 1840களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் நாயக்கர் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். கஜானாவில் பணமில்லை. ‘இடித்து, தூர்த்து, கட்டிக்கொள்கிறவனுக்கே அந்த இடம்’ என்று அறிவித்துவிட்டார். ஜனங்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். வெளி வீதிகள் பிறந்தது அப்படி. வேலையைப் பார்த்துக்கொண்ட சர்வேயர் மாரெட்டின் பெயரிலும், மேஸ்திரி பெருமாளின் பெயரிலும் வீதிகள் உண்டாயின. கலெக்டருக்கு நன்றியாக ஊர்க்காரர்கள் ஒரு விளக்குத்தூணை நட்டார்கள். கீழ மாசியும் தெற்கு மாசியும் சந்திக்கும் இடத்தில் இன்றும் நிற்கிறது. அதனடியில் ஜிகர்தண்டா குடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது யாருக்கு நட்ட தூண் என்று தெரியாது. இருந்தாலும் ஒரு மேஸ்திரிக்கு வீதி கிடைத்த ஊர் இது. இப்போதைய மேம்பாட்டில் கல்வெட்டில் இடம்பிடிக்க மேஸ்திரிக்கு வாய்ப்பே இல்லை.

அந்தச் சந்து வீட்டை விற்றுவிட்டு நாங்கள் வைகைக்கு வடக்கே குடிபோய் வெகுகாலமாகிவிட்டது. டவுன்வாசிகளில் பலரும் அப்படித்தான் போனார்கள். வீடுகள் குடோன்களாயின, திண்ணைகள் ஷட்டர்களாயின. 2016இல் மதுரை ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்தது. கோயிலைச் சுற்றி மக்கள் நடந்து போக வசதி செய்து பழைய நகரத்துக்கு உயிர் கொடுக்கப்போகிறோம் என்றார்கள். உயிர் எப்போது போனது என்று யாரும் கேட்கவில்லை. தோண்ட ஆரம்பித்தார்கள். அந்த நாட்களில் மாசி வீதியில் நடப்பது சர்க்கஸில் கம்பிமேல் நடக்கிற பெண்ணின் வேலையைப் போலிருந்தது, குடைதான் கையில் இல்லை.

முடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். போனது மகனின் காரில். நடப்பதற்கு வசதியான இடத்துக்கு நடந்து போக வசதியில்லை என்பதால் வேறு வழியில்லை. காரை நிறுத்தப் புதிதாகக் கட்டிய அடுக்கு வாகன நிறுத்தம் வடக்கு ஆவணி மூல வீதியில் இருக்கிறது. பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடம். காய்கறி மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. ஆக, கத்தரிக்காய் வாங்க ஆற்றைத் தாண்டி வண்டியில் போக வேண்டும், அந்த வண்டியை நிறுத்த கத்தரிக்காய் விற்ற இடத்துக்கு வர வேண்டும். அம்மா கால் கிலோவுக்குப் பேரம் பேசிய இடத்தில் மகன் பேரம் பேசாமல் வாடகை கொடுத்தான்.

ஆனால் சித்திரை வீதியைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். வாகனம் கிடையாது. தரை முழுக்கக் கல். இரவு பத்து மணிக்கும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன, கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நாலு எட்டு வைத்தாலும் யாரும் இடித்துவிட்டு நம்மையே திட்டுவதில்லை. என் பேத்தி தன் சிநேகிதியோடு ஐஸ்கிரீமைச் சப்பிக்கொண்டு நாலு வீதியையும் சுற்றி வந்தாள். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை, கோயிலுக்கு என்று அவளும் சொல்லவில்லை. கல் பதித்தவர்களுக்கு அந்த ஒன்றுக்காகவே ஒரு கும்பிடு போடலாம்.

பகலில் போனால் வேறு கதை. வைகாசி வெயிலில் அதே கல் தோசைக்கல். மரம் நடுவது திட்டத்தில் விட்டுப்போனதோ என்னவோ, பக்தர்களின் கால் பொத்துப்போகாமலிருக்கத் தென்னைநார் விரிப்பும் வெள்ளைப் பெயின்டும் வந்துசேர்ந்தன. அந்த வெள்ளைக் கோட்டின்மேல் ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதித்துக் குதித்துப் போவதைப் பார்த்தால், அவ்வளவு அகலமான வீதியில் ஒரு முழ அகலம்தான் நடக்கிறவருக்கு என்பது புரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சித்திரை வீதியில் வாகனத்தை நிறுத்தியது நடக்கிறவர்கள்மேல் வந்த கருணையால் அல்ல. கோயில் பாதுகாப்புக்காகப் போலீஸ் தடுப்புப் போட்டார்கள். வெடிகுண்டுப் பயம் செய்த காரியத்தை எந்த நகரமைப்பு நிபுணரும் செய்திருக்க முடியாது.

வட்டம் நன்றாக இருக்கிறது. வட்டத்துக்கு எப்படி வந்து சேருவது என்பதுதான் கேள்வி. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கோயில் ஒரு கிலோமீட்டர் சுமார்தான். வாசலை விட்டு வந்து மேல வெளி வீதியைத் தாண்டி, டவுன் ஹால் ரோட்டைப் பிடித்து, பெருமாள் மேஸ்திரி, மாசி, ஆவணி மூலம் என்று ஒவ்வொரு சுற்றாகக் குறுக்கே கடந்தால் சித்திரை வீதி வந்துவிடும். படத்தில் பார்த்தால் நாயக்கர் காலத்து மூளைக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். காலால் போய்ப் பார்த்தால் முதல் படியிலேயே, மேல வெளி வீதியைத் தாண்டுவதிலேயே, பாதி ஆயுள் போய்விடும். அங்கிட்டு பஸ், இங்கிட்டு ஷேர் ஆட்டோ. 2021 டிசம்பரில் திறந்த புதுப் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பளபளவென்று நிற்கிறது. அதிலிருந்து இறங்கியவர் கோயில் எந்தத் திசை என்று தெரியாமல் முழிக்க, ஆட்டோக்காரர் முந்திக்கொள்வார். “நடந்து எங்கிட்டுப் போய்ச் சேருவீங்க? ஏறுங்க ஐயா, வெரசா விட்டுர்றேன்.” அவர் சொல்வதில் பொய்யில்லை. இரண்டு கோபுரம் தெரிகிற தூரத்துக்கு அவர் கேட்கும் தொகைதான் அதிகம்.

டவுன் ஹால் ரோட்டில் போனால் ஒரு வேடிக்கை. வடநாட்டிலிருந்து வந்தவர்கள் உருளை வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு லாட்ஜ் தேடுவார்கள். பெட்டி சொல்லிவிடும், எங்கே நடைபாதை இருக்கிறது, எங்கே இல்லை என்று. கடகடவென்று பத்தடி, அப்புறம் ஒரு மூடி எழும்பிய சாக்கடை, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், கடை வாசலில் வரிசை கட்டிய பைக்குகள், ‘ஆடித் தள்ளுபடி’ போர்டு, அதற்கப்புறம் பெட்டி ரோட்டில் இறங்கிவிடும், பின்னாலேயே குடும்பமும். நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி. ஒரு குடையை விரித்துப் பிடித்தால் ஒரு மீட்டர் சொச்சம். என் குடையை டவுன் ஹால் ரோட்டு நடைபாதையில் மடக்காமல் கொண்டுபோக முடிந்ததே இல்லை. பருத்திப்பால் தள்ளுவண்டிக்காரரை மட்டும் ஆக்கிரமிப்பு என்று அவ்வப்போது விரட்டுகிறார்கள். அவர் நகர்ந்து கொடுப்பார். டிரான்ஸ்ஃபார்மர் நகருமா?

கடைக்காரர்களைக் கேட்டால் அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. “வாசல்ல வண்டி நிக்காட்டி யாவாரம் எப்படிண்ணே ஆகும்?” என்றார் எனக்குத் தெரிந்த பாத்திரக்கடைக்காரர். அவர் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குடம் வாங்கின கிராமத்து அம்மா நடந்து வந்தார். விளக்கு வாங்கினவரும் நடந்துதான் வந்தார். வாசலை அடைத்துக்கொண்டிருந்த பைக்குகளில் ஒன்று அவருடையது, இன்னொன்று அவர் மகனுடையது, மூன்றாவது கடைப்பையனுடையது. கூடவே எண்ணினேன், சொல்லவில்லை. காபி வாங்கிக் கொடுத்த மனிதர்.

போன தடவை ஒரு பெண்பிள்ளை கையில் டேப்லெட்டோடு மறித்தாள். நடப்பவர்களைப் பற்றிய கணக்கெடுப்பாம். எதற்காக நடக்கிறீர்கள் என்று கேட்டு, வேலை, கல்வி, கடைவீதி, சுற்றுலா, பிற என்று விரலால் காட்டினாள். “சும்மாதாம்மா” என்றேன். ‘பிற’வில் போட்டாள். நடைவழியை மேம்படுத்த ஆலோசனை உண்டா என்றாள். இப்படி ஒருத்தி கேட்பதற்காகத்தானே காத்திருந்தேன்.

“சித்திரைத் தேரோட்டம் பாத்திருக்கியாம்மா?”

“பாத்திருக்கேன் ஐயா.”

“முந்தின நாள் மாசி வீதியப் பாத்திருக்கியா?”

அவள் பார்த்ததில்லை. சொன்னேன். வருஷம் முழுக்க அசைக்க முடியாது என்று சத்தியம் செய்கிற அத்தனையும் அன்றைக்கு அசையும். ரோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் போர்டு இறங்கும், சாய்ப்பு மடங்கும், குறுக்கே போகிற ஒயரை மின்வாரியத்துக்காரர்கள் எடுத்துவிடுவார்கள். பள்ளம் ராத்திரியோடு ராத்திரியாகத் தூர்ந்துவிடும். ஒரு பைக் இருக்காது. மறுநாள் காலையில் கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் ரோட்டின் நட்டநடுவில் நடப்பார்கள், நீர்மோரும் பானகமும் கையில் தேடி வரும், எந்தக் கடைக்காரரும் யாவாரம் போச்சு என்று அழ மாட்டார். மாநகராட்சி, போலீஸ், மின்வாரியம் மூன்றும் ஒரே நாளில் ஒரே வேலையைச் செய்வதை வேறு எப்போது பார்க்க முடியும்? மறுநாள் பொழுது விடிந்தால் போர்டு பழைய இடத்தில், பைக் பழைய இடத்தில். ஊரிலேயே தடையில்லாத நடைவழி வாய்த்திருப்பது மீனாட்சிக்கு மட்டும்தான். அவளுக்கும் தேர் இருக்கிறது, நடக்க வேண்டியதில்லை.

“அதனால தேர வாரம் ஒருக்கா இழுக்கச் சொல்லி எழுதிக்கோ” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். “அப்படி ஒரு ஆப்ஷன் இல்லைங்க ஐயா. இதையும் ‘பிற’ன்னே போட்டுக்கிறேன்.”