கட்டிய படகில் மழைநாள்: ஈரவியல் நோக்கில் ஓர் ஆய்வு

படகு ஓட்டுவதைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. படகு கவிழ்வதைப் பற்றி அதைவிட அதிகம். ஆனால் எங்கும் போகாமல் கயிற்றில் கட்டிப்போட்ட படகுக்குள், வெளியே மழை பெய்துகொண்டிருக்க, காலைப் பலகாரம் தொடங்கி ராத்திரிச் சாப்பாடு வரை மனிதர் என்னதான் செய்கிறார் என்பதை அறிஞர் உலகம் தொடவே இல்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு முனைவர் பட்டம் தர யாராவது முன்வந்தால் மறுப்பதற்கில்லை.

முன்னோர் ஆய்வுகளை முதலில் பார்த்துவிடுவோம். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், உப்பை விற்று நெல் கொண்டுவந்த படகுகள் காவிரிப்பூம்பட்டினத்தில் லாயத்துக் குதிரைகள் மாதிரி வரிசையாகக் கட்டிக் கிடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். நல்ல தரவு. ஆனால் அன்று மழை பெய்ததா, உள்ளே ஆள் இருந்தாரா, இருந்தவருக்கு எங்கே ஒழுகியது என்ற வினாக்களுக்குப் புலவர் விடை தரவில்லை. விவிலியத்தின் நோவா நாற்பது பகல், நாற்பது இரவு மழையைப் பேழைக்குள் இருந்தே கண்டவர்; அனுபவத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆயினும் அவருடைய பேழை எங்கும் கட்டப்பட்டிருக்கவில்லை. எனவே அது நம் ஆய்வின் வரம்புக்குள் வராது. தேம்ஸ் நதியில் படகேறிய மூன்று பேரையும் ஒரு நாயையும் பற்றி ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் வெளியிட்ட நாவலின் கடைசியில் மழை பிடித்துக்கொள்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள்? பாங்போர்ன் என்ற ஊரில் படகை விட்டுவிட்டு, லண்டனுக்கு ரயிலேறி, நல்ல சாப்பாடு சாப்பிட்டார்கள். களத்தைவிட்டு ஓடியவர்களின் முடிவுகளை ஆய்வுலகம் ஏற்பதில்லை.

நம் களம் சியாட்டல் நகரத்து ஷில்ஷோல் விரிகுடா மரினா. பியூஜெட் சவுண்ட் என்ற உப்புநீர்க் கழியின் ஓரத்தில், பாறை அலைத்தடுப்புக்குப் பின்னால், ஏறக்குறைய 1400 படகுகள் நிற்கும் இடம். பல படகுகளில் ஆண்டு முழுவதும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். என் அக்கா மகன் அந்த ரகம் இல்லை; வாரக் கடைசியில் வந்து, படகு இன்னும் மூழ்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு போகிறவன். மென்பொருள் வேலை, முப்பதடிப் பாய்மரப் படகு. படகு எத்தனையாவது கை மாறி இவனிடம் வந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

மழையைப் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. சியாட்டலின் ஆண்டு மழை சுமார் 1000 மில்லிமீட்டர். சென்னைக்குச் சுமார் 1400. இதை அந்த ஊர்க்காரர்களிடம் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் சென்னை தன் கணக்கின் பெரும்பகுதியை ஐப்பசி கார்த்திகையில் ஒரே மூச்சில் தீர்த்துவிடுகிறது. சியாட்டலோ அதை ஆண்டுக்கு 150 நாளுக்கு மேல், தவணை முறையில் கட்டுகிறது. நவம்பரில் தவணை கொஞ்சம் கூடுதல். மழை என்று சொல்லக் கூச்சப்படும் அளவுக்கு மெல்லிய மழை. குடை பிடித்தால் உள்ளூர்க்காரர்கள் வெளியூர் ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி மையப் பொருள்: சொட்டு. கட்டிய படகில் மழைநாளின் முழுநேர வேலை, சொட்டு எங்கிருந்து வருகிறது என்று தேடுவது. இதில் இரண்டு கட்சிகள் உண்டு. வானக் கட்சியினர், எல்லாச் சொட்டும் மேலிருந்து வருகிறது என்பர். அகக் கட்சியினர், பாதியை நாமே உண்டாக்குகிறோம் என்பர். அடியேன் வானக் கட்சியில் சேர்ந்தே, ஒரு மழைநாளில் அக்கா மகனின் படகுக்குள் இறங்கினேன்.

வானக் கட்சியின் வாதம் லேசானதல்ல. மேல்தளத்தில் கொக்கி, கம்பி, கப்பி என்று எதைப் பொருத்தினாலும் துளை போட்டு போல்ட் முடுக்கியிருப்பார்கள். துளையைச் சுற்றி அடைத்த பசை ஆண்டுகள் போகப் போகக் காய்ந்து வெடிக்கும். நீர் அந்த வழியாக இறங்கி, மேல்தளத்துக்கும் உள்கூரைக்கும் நடுவே சாய்வு பார்த்து ஓடி, எங்கேயோ ஒரு திருகாணியின் முனையில் வந்து தொங்கும். ஓட்டை முன்பக்கம் இருக்கும், சொட்டு சமையல் மேடைமேல் விழும். இதுவரை எல்லாரும் அறிந்தது. நான் சேர்க்க விரும்பும் விதி இதுதான்: சொட்டு ஆளைத் தேடி வரும். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தேன், இடப்பக்கம் சொட்டியது. வலப்பக்கம் மாறினேன், சற்று நேரம் யோசித்துவிட்டு அங்கே சொட்டியது. இதில் மாயமில்லை. கனத்த ஆள் உட்கார்ந்த பக்கம் படகு நூலளவு சாய்கிறது. கூரைக்குள் தேங்கிய நீருக்கு அந்த நூலளவு போதும். என் எடையைப் பற்றி இங்கே விவரிக்க வேண்டிய அவசியமில்லை.

"மாப்ள, மழை உள்ளேயும் பெய்யுதுடா" என்றேன்.

"அது மழை இல்ல மாமா, நீங்க விட்ட மூச்சு" என்றான்.

மரியாதைக் குறைவாகப் பட்டாலும், கணக்கு அவன் பக்கம் இருந்தது. ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சாலும் தோலாலும் நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாமல் நீரை வெளியே விடுகிறார். அந்தப் படகில் சமையலுக்கு புரொப்பேன் அடுப்பு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வரும். இது வேதியியல், இதில் தகராறு செய்ய முடியாது. இந்த ஈரமெல்லாம் போவதற்கு இடமில்லை, ஏனென்றால் மழைக்குப் பயந்து சன்னல் எல்லாவற்றையும் சாத்தியிருக்கிறோம். உள்ளே 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 12 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் முத்து முத்தாகக் கட்டும். வெளியே கடல்நீர் 10 டிகிரி. படகின் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் கடல்தான். ஆகவே மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் குளம். இட்லி அவிப்பது இத்தகைய படகில் பகைமைச் செயலாகவே கருதப்படும் என்பதையும், அதற்கான பாத்திரத்தை நான் ஊரிலிருந்து சுமந்து வந்திருந்தேன் என்பதையும் பதிவு செய்து மேலே செல்கிறேன்.

எந்த நீர் யாருடையது என்று தீர்ப்பளிக்க ஒரு சோதனை உண்டு. படகின் அடிப்பள்ளத்தில் எப்போதும் கொஞ்சம் நீர் கிடக்கும். அதில் விரலை நனைத்து நாக்கில் வைக்க வேண்டும். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது. உடனே எழுந்து காரியம் பார்க்க வேண்டும். கரிக்காவிட்டால் மழை, சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்து அடிவரை இறங்கும் படகுகளில் மழைநீர் மரத்தின் உள்வழியாகவே அடிக்கு வந்து சேர்வது வழக்கம். கேலி இல்லை, பழுத்த படகுக்காரர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். மருமகன் நனைத்து நாக்கில் வைத்தான், "நல்ல தண்ணி மாமா" என்றான். காவிரி பெருகி வந்த செய்தியைச் சொல்பவனுக்கு இருக்கும் மகிழ்ச்சி அந்த முகத்தில் இருந்தது. அந்தத் தண்ணீரில் டீசல் வாடையும் அடித்தது என்பதை அவன் சொல்லவில்லை. மழைநீருக்கும் மூச்சுநீருக்கும் நாக்கால் வேறுபாடு காண இயலாது என்பதால், இரு கட்சிகளின் வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

புரொப்பேன் ஈரம் கூட்டுகிறது என்று தெரிந்ததும் மின்சாரத்துக்கு மாறினோம். அங்கேதான் இந்த ஆய்வின் ஒரே தேற்றம் பிறந்தது. கரையிலிருந்து படகுக்கு வரும் இணைப்பு 30 ஆம்பியர், 120 வோல்ட். ஆக 3600 வாட். ஹீட்டர் 1500. இண்டக்‌ஷன் அடுப்பு 1800. கெட்டில் 1500. கூட்டிப் பார்ப்பவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும்: தோசை, வெப்பம், டீ ஆகிய மூன்றில் எந்த இரண்டும் ஒன்றாக இருக்கலாம்; மூன்றும் ஒருபோதும் கூடா. தோசையும் டீயும் வேண்டுமென்றால் குளிர வேண்டும். கதகதப்பும் தோசையும் வேண்டுமென்றால் தொண்டை காய வேண்டும். மூன்றுக்கும் ஆசைப்பட்டால் பிரேக்கர் விழும். விழுந்த பிரேக்கர் படகுக்குள் இல்லை. வெளியே, நடைமேடைமேல் நிற்கும் கம்பத்தில், மழையில் இருக்கிறது. நனைந்து போய் அதைத் தூக்கிவிட்டு, நனைந்து திரும்பி, நனைந்த சட்டையை உள்ளே காயப்போட்டால் அகக் கட்சிக்கு இன்னொரு கால் லிட்டர்.

பிற நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பாயேற்றும் கயிறு காற்றில் அலுமினியப் பாய்மரத்தில் அடித்து டங் டங் என்றது. பக்கத்துப் படகில் குடியிருக்கும் பெரியவர் அந்தச் சத்தம் பொறுக்காமல் மழை அங்கியோடு வந்து, கேட்காமலே அதை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். வேலை செய்த ஒரே ஆள் அவர்தான். சீட்டுக்கட்டில் ஒரு கட்டத்துக்குமேல் அட்டைகள் ஒட்டிக்கொண்டன. நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. அந்நேரம் கடல் நன்றாக வற்றியிருந்தது. நடைமேடை மிதக்கும் வகை, நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும். இந்தக் கடற்கழியில் ஏற்ற வற்ற வேறுபாடு சராசரியாக மூன்று மீட்டருக்கு மேல். ஆகவே காலையில் சாதுவாகக் கிடந்த கரைப்பாலம் மாலையில் செங்குத்தாக நின்றது. மாவுப் பாத்திரத்தையும் இட்லிப் பானையையும் தூக்கிக்கொண்டு அதில் ஏறியதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுத வேண்டும்; பொருள் வேறு, தொனியும் வேறு.

எனவே சியாட்டலில் படகு வைத்திருக்கும் உறவினர் யாராவது நவம்பரில் "வாங்க மாமா, படகுல ஒரு நாள் இருந்துட்டுப் போகலாம்" என்று அழைத்தால், தயங்காமல் போங்கள். டீயை மட்டும் கரையிலேயே குடித்துவிட்டுப் போங்கள். 1500 வாட் மிச்சம்.