மீனை விடுங்க, கீழே பாருங்க!

கூடத்தில் நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி. யாராவது கிட்டே வந்தால் போதும், உள்ளே இருக்கும் இரண்டு ஆஸ்கார் மீன்களும் கண்ணாடியோரம் வந்து சாப்பாடு கேட்கின்றன. "அடடா, என்ன அழகு!" என்று நீங்கள் குனிகிறீர்கள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் உங்கள் தோளைத் தொட்டு, "மீனை விடுங்க சார், கீழே பாருங்க" என்று ஸ்டாண்டின் கதவைத் திறந்தாரானால், அவர்தான் சம்ப்காரர். பேசாமல் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு எழுந்திருக்க விடமாட்டார்.

மேலே நீந்துகிற மீன் அவருக்கு ஒரு சாக்குதான். ஸ்டாண்டுக்குள் ஒளிந்திருக்கும் சம்ப் என்கிற இன்னொரு கண்ணாடித் தொட்டியில்தான் அவர் உயிர் இருக்கிறது. மேலிருந்து வழிகிற தண்ணீர் குழாய் வழியாக அதன் முதல் அறையில் இறங்கும். அங்கே தொங்கும் துணிப்பையில் கழிவும் மிச்சத் தீனியும் தங்கிவிடும். அடுத்த அறையில் ஸ்பாஞ்ச், அதற்கடுத்து பாக்டீரியா குடியிருக்க செராமிக் ரிங், பயோ பால் உருண்டைகள். கடைசி அறையில் உட்கார்ந்திருக்கும் மோட்டார் மணிக்கு 3,000 லிட்டரை மறுபடி மேலே தள்ளும். "தொட்டி 450 லிட்டர். ஒரு மணி நேரத்துல மொத்தத் தண்ணியும் ஆறு சுத்துக்கு மேல வந்துடும் சார்" என்பார். இதைச் சொல்லும்போது முகத்தில் வருகிற பூரிப்பு, மகள் பிளஸ் டூவில் பள்ளி முதலிடம் வந்தபோது வரவில்லை என்பது அவர் மனைவியின் வாக்குமூலம்.

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்குப் போகிற மற்றவர்கள் மீனைப் பார்ப்பார்கள். இவர் கல்லாவைத் தாண்டிப் பின்பக்கம் போய், பைப் எப்படி இழுத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார். ஹார்ட்வேர் கடையில் எல்போ நாலு, டேங்க் நிப்பிள் ரெண்டு, யூனியன் ஒன்று, சொல்யூஷன் ஒரு டப்பா என்று பட்டியல் நீளும்போது, "புது வீடா சார்? எத்தனை பாத்ரூம்?" என்று கேட்பார் கடைக்காரர். வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் ஸ்க்ரப்பர் தங்குவதே இல்லை. காசு கொடுத்து வாங்கும் பயோ பால் உருண்டைகளுக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லையாம், பாக்டீரியா நன்றாக ஒட்டுமாம். இதில் அவர் சொல்வது உண்மை என்பதுதான் மனைவிக்கு இன்னும் எரிச்சல்.

தொட்டி வைத்த முதல் ஒரு மாதம் அதில் மீனே கிடையாது. தண்ணீர் ராப்பகலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து வந்த அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மீன் எங்கடா?"

"முதல்ல பாக்டீரியா வளரணும்மா."

"காசைக் கொட்டிக் கிருமி வளக்கறியா?"

விடுவாரா? மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும், அது பரவாயில்லை. இந்த பாக்டீரியா எல்லாம் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்று பாடம் நடந்தது. "அந்த ரெண்டாவது வேலையை நைட்ரோபாக்டர்தான் செய்யுதுன்னு ரொம்ப நாளா எழுதிட்டு இருந்தாங்க. 1998-ல ஆராய்ச்சி பண்ணிப் பாத்தா, மீன் தொட்டியில அதைச் செய்யறது நைட்ரோஸ்பைராவாம்!" அம்மா அதற்குள் கொட்டாவி விட்டபடி சீரியல் பார்க்கப் போய்விட்டார்.

ராத்திரி பதினொரு மணிக்கு அவரைப் பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்குகிற குழாயில் காற்று கலந்தால் களக் களக்கென்று சத்தம் வரும். அது அவருக்கு ஆகாது. விளக்கை அணைத்துவிட்டு, கேட் வால்வின் திருகை நூலளவு மூடுவார், காது கொடுப்பார், மயிரிழை திறப்பார். கச்சேரிக்கு முன் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டார். சத்தம் சுத்தமாக நின்றுபோனால், "மோட்டார் நின்னுடுச்சோ?" என்ற கவலையில் மறுபடி எழுந்துபோய்ப் பார்ப்பார்.

கரண்ட் போனால் அடுக்ககமே முணுமுணுக்கும், அவர் மட்டும் டார்ச்சோடு கீழ்த்தொட்டியின் முன் மண்டியிடுவார். மோட்டார் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர், மோட்டார் அதை ஏற்றிய குழாய் வழியாகவே திரும்பி இறங்கும். மேலே குழாயில் ஒரு சின்னத் துளை போட்டிருந்தால், நீர்மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து வரத்து அறுந்துவிடும். துளையில் பாசி அடைத்துக்கொண்டால் கூடம் குளம்தான். ஒரு நாள் அப்படிக் கரண்ட் போனபோது கீழ்த்தொட்டித் தண்ணீர் விளிம்புக்கு மூன்று விரல் கீழே நின்றது. "பாத்தியா!" என்று இருட்டில் ஒரு கூவல். பதில் சொல்ல ஆளில்லை. இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் அதில் முதல் இணைப்பு மோட்டாருக்கு. படுக்கையறை ஃபேன் அப்புறம்.

அவர் நிஜமாகவே உடைந்துபோனது ஒரே ஒரு நாள். மாமியார், பாவம், நல்ல எண்ணத்தில் செய்த காரியம் அது. மாப்பிள்ளை ஆபீஸ் போன நேரத்தில் பழுப்பேறிக் கிடந்த ஸ்பாஞ்சையும் ரிங்குகளையும் எடுத்து, குழாயடியில் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வெயிலில் காய வைத்துவிட்டார். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரே அந்த பாக்டீரியாவுக்கு ஆகாது. சோப்பும் வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வந்து பார்த்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. "அழுக்கை எடுத்தா இப்படியா மூஞ்சியத் தூக்கறது?" என்று மாமியார் இன்றுவரை உறவுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் அடுக்ககத்தில் இப்படி ஒருவர் இருந்தால் பகைத்துக்கொள்ளாதீர்கள். சமையலறைக் குழாய் ஒழுகினால் பிளம்பர் நாளை வருகிறேன் என்பார்; இவர் டெஃப்லான் டேப்போடு பத்து நிமிஷத்தில் வந்து நிற்பார், கூலியும் வாங்கமாட்டார். காபி கொடுங்கள், இரண்டு முறைகூடக் கொடுங்கள். மீன் தொட்டி வாங்கலாமென்று இருக்கிறோம் என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள்.