பழைய பிக்கப், புது பிரேக்

கே: என்னிடம் 1965 செவ்ரோலெட் சி10 இருக்கிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்பக்கம் டிஸ்க் மாற்றலாமா?

ப: தாராளமாக. செவ்ரோலெட்டே 1971 மாடலிலிருந்து சி10-இன் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் கொடுத்துவிட்டது. ஆனால் உங்கள் முதல் செலவு அதுவல்ல. மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து பாருங்கள். ஒரே தொட்டி, அதிலிருந்துதான் நான்கு சக்கரத்துக்கும் அழுத்தம் போகிறது. பின்னால் ஒரு ஹோஸ் வெடித்தால் போதும், பெடல் தரையில் உட்காரும், எந்தச் சக்கரமும் பிடிக்காது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று கொண்ட இரட்டை மாஸ்டர் சிலிண்டர் 1967 மாடலில்தான் இந்த வண்டிக்கு வந்தது. டிஸ்க்குக்குப் பணம் சேரும்வரை டிரம்மோடு ஓட்டுங்கள், பரவாயில்லை. ஒற்றைச் சிலிண்டரோடு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

கே: அந்தக் காலத்தில் இதே டிரம்மை வைத்துக்கொண்டு அமெரிக்கா முழுக்க ஓட்டினார்களே?

ப: ஓட்டினார்கள், இன்றைய நெடுஞ்சாலை நெரிசலில் அல்ல. மணிக்கு 60 மைலில் போகும் வண்டியை நிறுத்த, 30 மைலில் போவதைவிட நான்கு மடங்கு ஆற்றலைச் சூடாக மாற்றியாக வேண்டும். டிரம்மில் அந்தச் சூடு உள்ளேயே அடைபடுகிறது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். நீண்ட மலை இறக்கத்தில் பெடல் கீழே கீழே போவது அதனால்தான். டிஸ்க் காற்றோட்டத்தில் சுழல்கிறது. சூட்டில் தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும். மழைத் தண்ணீரையும் உதறிவிடும்.

கே: டிஸ்க் மாட்டியாயிற்று. பெடல் கல்லாக இருக்கிறது, வண்டியோ நிற்க மறுக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ப: இல்லை, பாதி வேலையில் நிற்கிறீர்கள். டிரம்முக்கு ஒரு குணம் உண்டு. சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுக்கும், அது பின் ஷூவை நெருக்கும்; உங்கள் காலின் பலம் உள்ளே பெருகிவிடும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது. கொடுத்த அழுத்தம்தான் கிடைக்கும். ஆகவே அழுத்தத்தை வேறு வழியில் கூட்ட வேண்டும்.

முதலில் மாஸ்டர் சிலிண்டரின் துளை. ஒரு அங்குலத் துளையைவிட ஒன்றே அரைக்கால் அங்குலத் துளைக்குப் பரப்பு கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகம். அதே காலால் மிதித்தால் பெரிய துளையில் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். 'பெரியது நல்லது' என்று வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். துளை சிறிதானால் அழுத்தம் கூடும், பெடல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். அது பயப்பட வேண்டிய இறக்கம் இல்லை.

அடுத்தது பெடலின் நெம்புகோல் விகிதம். பூஸ்டர் இல்லாத வண்டிக்கு 6-க்கு 1 என்ற அளவு வேண்டும். பூஸ்டர் இருந்தால் 4-க்கு 1 போதும். பூஸ்டரும் சும்மா வேலை செய்யாது, எஞ்சினிலிருந்து ஏறத்தாழ 18 அங்குல வேக்குவம் கேட்கும். பந்தயக் கேம்ஷாஃப்ட் போட்டு எஞ்சினை முறுக்கேற்றியவர்களுக்கு ஐடிலிங்கில் அவ்வளவு கிடைக்காது. அவர்களுக்குப் பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோபூஸ்ட் நல்ல வழி.

கே: என்னுடையது 1955 ஃபோர்டு எஃப்-100. மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கிறதே, டிஸ்க் ஒத்துப்போகுமா?

ப: போகும், ஒரு சின்ன வால்வின் தயவில். சிலிண்டர் காலிபரைவிடத் தாழ்வாக இருப்பதால் பிரேக் ஆயில் அதற்குள் திரும்ப வடியும். முதல் மிதி வீணாகும். ரெசிடுவல் வால்வு அதைத் தடுக்கும். டிஸ்க்குக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு வால்வு, டிரம்முக்கு 10 பவுண்டு. இடம் மாற்றி 10 பவுண்டு வால்வை டிஸ்க்குக்குப் போட்டால் பேட் எந்நேரமும் உரசிக்கொண்டே சூடேறும்.

கே: போடுவதே போடுகிறோம், நான்கிலும் டிஸ்க்?

ப: அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பிக்கப்பில் பின்சக்கரத்தின் மேல் பாரமே குறைவு. பிரேக் மிதித்தால் இருக்கும் பாரமும் முன்னுக்குப் போய்விடும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பக்கவாட்டில் சுழலும். பின்னால் நல்ல டிரம்மும், சரிசெய்யக்கூடிய ப்ரபோர்ஷனிங் வால்வும் போதும். முன்சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். ஆளில்லாத மைதானத்தில், பெட்டி காலியாக இருக்கும்போது வால்வை அப்படித் திருப்பி வையுங்கள்.

கே: செப்புக் குழாய் கையாலேயே வளைகிறது. பிரேக் லைனுக்கு அதைப் போடலாமா?

ப: கூடவே கூடாது. வெறும் செம்பு அதிர்வில் விரிசல் விடும். ஸ்டீல் போடுங்கள், அல்லது செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் குழாய் போடுங்கள். முனையை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும்.

கே: சிலிகான் பிரேக் ஆயில் பெயின்ட்டைக் கெடுக்காதாமே?

ப: கெடுக்காது. அது டாட் 5. ஆனால் டாட் 3, டாட் 4 ஆகியவற்றோடு கலக்காது, காற்றுக் குமிழியை எளிதில் விடாது. அடிக்கடி ஓட்டும் வண்டிக்கு டாட் 3 அல்லது 4 ஊற்றுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டாட் 5.1 என்று இன்னொன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து மயங்காதீர்கள், அது சிலிகான் அல்ல.

கே: பழைய டிரம்முக்குள் ஒரே தூசி. ஏர் அடித்துச் சுத்தம் செய்யலாமா?

ப: வேண்டவே வேண்டாம்! அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. முகமூடி அணிந்து, தூசியை நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கே: எல்லாம் முடிந்தது. உடனே நெடுஞ்சாலையா?

ப: வண்டி நின்ற இடத்திலேயே பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாக இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, வண்டியை எடுக்காதீர்கள். மெத்தென்று இருந்தால் லைனில் காற்று இருக்கிறது, அதை மறுபடி வெளியேற்றுங்கள். பெடல் உறுதியாக நின்றால் வெறிச்சோடிய சாலையில் 30 மைல் வேகத்திலிருந்து மிதமாகக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாமல், ஆறவிட்டு ஆறவிட்டுப் பலமுறை. பேடும் டிஸ்க்கும் அப்போதுதான் ஒன்றுக்கொன்று படியும்.