மருமகப்பிள்ளையின் பூந்தோட்டம்

வாரும் மருமகப்பிள்ளை, கடம்பூர் ஸ்டேஷன்ல போளி வாங்கத்தான் உமக்கு நேரம் இருக்கு. உம்ம புஞ்சையப் பாத்துட்டுத்தான் வாரேன். சோளநாத்துக்கு ஊடால பொடிப்பொடியா வெள்ளைப்பூ! மாடு வளக்கீரா, மாலை கட்டீரா?

என்ன செடின்னு என்னையக் கேக்கீரு. கேரட் தழை மாதிரி இலை, தண்டுல வரிவரியா கோடு, மேல பூனைமயிரு. பார்த்தீனியம்வே அது. சின்னதுல தரையோட வட்டமாப் படிஞ்சு கிடக்கும். கீரைன்னு நினைச்சு விட்டிருப்பீரு. மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. 1950கள்ல புனேயில கண்ணுல பட்டுச்சு, அமெரிக்கக் கோதுமையோட வந்துச்சும்பாக. டிக்கெட் எடுக்காமயே கடம்பூர் வரைக்கும் வந்துட்டான் பாரும்.

மாடு அதத் தானாத் தொடாது; உம்மளவிட விவரம். நீரு நாத்தோட சேத்து அறுத்துக் கட்டிப் போட்டா அது என்ன செய்யும்? தின்னா பால் கசக்கும். பால்காரன் உம்ம வாசல்லயே கொட்டிட்டுப் போவான்.

பிடுங்குறதுக்கு நேரங்காலம் இருக்கு. காஞ்ச கரிசல்ல இழுத்தா தண்டு கையோட வரும், வேரு வெடிப்புக்குள்ளயே நின்னு மறுபடி துளுக்கும். மழை பெஞ்ச ஈரத்துல, பூக்குமுன்ன, வேரோட வரணும். கையில உறை மாட்டும். இல்லேன்னா ராத்திரி முழுக்கச் சொறிஞ்சிட்டுக் கிடப்பீரு.

மருந்தா? தனிச்சோளம்னா விதைச்ச மூணாம் நாள், ஈரம் இருக்கையில அட்ரசின் தூள் ஏக்கருக்கு 200 கிராம். ஊடுபயிரா உளுந்து, பாசி போட்டிருந்தா அது பக்கமே போகாதயும், பயறும் சேந்து போயிரும். 2,4-டியக் கையில எடுத்தீரோ, காத்துல பறந்து பக்கத்துப் பருத்தி சுருண்டுரும். அந்தச் சண்டைக்கு என்னையக் கூப்பிடாதயும்.

தரிசு, வண்டிப்பாதைக்கு உப்பே போதும். தூத்துக்குடிக்காரனுக்கு உப்புக்கா பஞ்சம்? லிட்டர் தண்ணிக்கு 200 கிராம், கொஞ்சம் சோப்புத் தண்ணி, நல்ல வெயில்ல அடியும். புஞ்சைக்குள்ள அடிச்சீருன்னா அப்புறம் உப்பளம்தான்.

இந்தச் செடியத் திங்கட்டும்னு 1984ல பெங்களூருப் பக்கம் மெக்சிகோ வண்டு கொண்டாந்து விட்டாக. மழைக்காலத்துல இலையத் தின்னும், மத்த நாள்ல மண்ணுக்குள்ள படுத்துக்கிடும். உமக்குச் சொந்தமோ என்னமோ.

பூத்த செடிய எருக்குழியில போட்டுராதயும். நல்லா வளந்த ஒத்தச் செடி 10,000 விதைக்கு மேல உதுக்கும். எருவோட அம்புட்டும் உம்ம புஞ்சைக்கே வந்து சேரும்.