செம்மரத்தில் மேசையா?

கேள்வி: சித்தூரில் புதுவீடு கட்டியிருக்கிறேன். ஊர்ப் பெருமைக்காகச் செம்மரத்தில் எழுதுமேசை செய்யலாமா?

பதில்: பெருமை காட்டிலேயே நிற்கட்டும்! சேஷாசலமும் அதையொட்டிய மலைகளும்தான் செம்மரத்துக்குத் தாய்வீடு. தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம். மேசையை நகர்த்த நாலு பேர் வேண்டும், ரசீது இல்லாவிட்டால் கடத்தல் வழக்கில் ஜாமீனுக்கு இன்னும் இரண்டு பேர். வேம்பு போதும், பூச்சி லேசில் அண்டாது. ஏர்ப்பேடு பக்கம் மாதவமாலையில் தெய்வங்களைச் செதுக்கும் ஆசாரிகள் இருக்கிறார்கள். இழுப்பறை முகப்பில் ஒரு கொடி கேளுங்கள், அந்த உளிக்கு ஈடு கிடையாது. உயரம் 30 அங்குலம். மேல்பலகையை மட்டும் சட்டத்தோடு ஒட்டிவிடாதீர்கள். மழையில் அகலவாட்டில் உப்பும், கோடையில் சுருங்கும். திருகாணித் துளையை அந்த வாட்டத்தில் சற்று நீட்டிப் போட்டால் பலகை வெடிக்காது.