அப்பும் டவுனும் அடியேனும்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு உலகில் எது குழம்பினாலும் மேல், கீழ் மட்டும் குழம்பாது. மேல் என்றால் மலை. விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்களைக் கேளுங்கள், "மேல போறோம்" என்பார்கள். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு எல்லாமே மேல். பொழுது சாய வீடு திரும்பினால் "கீழ எறங்கிட்டோம்". இவ்வளவு தெளிவான ஊர்க்காரனை, பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் ஆங்கிலப் புத்தகம் தலைகீழாக நிறுத்திவிட்டது.

அந்தப் புத்தகத்தில் 'அப்' என்றால் மேலே இல்லை. 'கிவ் அப்' என்றால் கைவிடுவது, 'ஷட் அப்' என்றால் வாயை மூடுவது. இரண்டையும் நம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து செய்யலாம், மலையேற வேண்டியதில்லை. வீடு 'பர்ன் டவுன்' ஆனாலும் காகிதம் 'பர்ன் அப்' ஆனாலும் மிச்சம் சாம்பல்தான். விண்ணப்பத்தை 'ஃபில் இன்' செய்யலாம், 'ஃபில் அவுட்' செய்யலாம். உள்ளேயா வெளியேயா என்று எந்த அலுவலகத்திலும் கேட்கமாட்டார்கள், ஜெராக்ஸ் எங்கே என்றுதான் கேட்பார்கள். இதெல்லாம் போகட்டும். விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அணைந்துவிட்டது என்கிறார்கள். அலாரம் 'கோ ஆஃப்' ஆனால்? அதுவும் அணைந்துவிட்டதாகத்தான் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் காலை அலாரம் வீடே அதிர அலறியது. "அப்பா சொன்னபடி அது ஆஃப் ஆயிருச்சும்மா" என்று அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

என்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் ஆங்கில அகராதி போட்டபோதே, வினையோடு ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றும் இந்த வேலை அயல்நாட்டாருக்குப் பெருந்தொல்லை என்று முன்னுரையில் எழுதிவைத்தார். தொல்லைக்குப் பெயர் பரவவே அப்புறம் 170 ஆண்டு ஆனது. லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட புத்தகத்தில்தான் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் நாலுபேருக்குத் தெரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரரான ஹென்றி பிராட்லி எடுத்துக்கொடுத்த பெயராம் அது.

இத்தனை தொல்லை என்றால் இங்கிலாந்துக்காரர்கள் ஏன் இதை விடாமல் பிடித்திருக்கிறார்கள்? 1066-இல் நார்மன்கள் வந்து உட்கார்ந்த பிறகு பிரெஞ்சும் லத்தீனும் அரண்மனைக்கும் கோர்ட்டுக்கும் போயின. குட்டைச் சொற்கள் அடுப்படியிலும் கொல்லையிலும் தங்கின. இன்றைக்கும் கடுதாசியில் 'இன்வெஸ்டிகேட்', பேச்சில் 'லுக் இன்டு'. நோட்டீஸில் 'போஸ்ட்போன்', பெண்டாட்டியிடம் 'புட் ஆஃப்'. ஒட்டடை அடிக்கும் வேலையை நான் தீபாவளிக்கும், பிறகு பொங்கலுக்கும், பிறகு வீரபாண்டித் திருவிழாவுக்கும் தள்ளிக்கொண்டே போவது சுத்தமான 'புட் ஆஃப்'. 'போஸ்ட்போன்' என்ற பெரிய சொல்லைச் சூட்டிக்கொள்ள என் சோம்பலுக்குத் தகுதி போதாது.

நம்மவர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார்கள். வினையும் ஒட்டும் ஒன்றாகச் சேர்ந்த பெயர்ச்சொல்லை அப்படியே எடுத்து, பின்னால் 'பண்ணு' போட்டுவிட்டார்கள். பில்டப், கெட்டப், செட்டப், லாக்கப் எதற்கும் அகராதி வேண்டாம். போடிக்கு 2023-இல் மறுபடி ரயில் வந்ததிலிருந்து என் மச்சான் அடிக்கடி வருகிறார். ஒருநாள் ஸ்டேஷனுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, "பிக்கப் வண்டில பிக்கப்பே இல்ல மச்சான், அதான் ஒங்கள நேரத்துக்குப் பிக்கப் பண்ண முடியல" என்றேன். முதல் பிக்கப் வண்டி, இரண்டாவது அதன் வேகம், மூன்றாவது மச்சான். அவருக்கு உடனே புரிந்தது. ஜான்சனுக்குப் புரிந்திருக்காது.

அப்போதுதான் இந்த வம்பு தமிழிலும் உண்டு என்ற ஞானம் எனக்கு வந்தது. அதற்குக் காரணம் பென்னிகுக். எங்கள் மாவட்டத்தில் பிள்ளைக்குப் பெயராகவும் கடைக்குப் பெயராகவும் சுவரில் படமாகவும் இருக்கிற அந்த ஆங்கிலேயப் பொறியாளர், மேற்கே அரபிக்கடலுக்குப் போன பெரியாற்றை அணைகட்டி மறித்து, மலையைக் குடைந்து, 1895-இல் கிழக்கே திருப்பிவிட்டார். 'திருப்பினார்' என்று யாரும் சொல்வதில்லை, 'திருப்பிவிட்டார்'தான். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல்போக நெல்லுக்கு ஜூன் மாதம் மதகைத் திறப்பதும் 'தண்ணி திறந்துவிட்டாங்க'தான். இதில் எதை விட்டார்கள்? ஆற்றிலாவது தண்ணீரை விட்டார்கள் என்று சமாளிக்கலாம். 'தூங்கிவிட்டேன்' என்கிறேனே, அங்கே எதை விட்டேன்?

இலக்கணத்தில் இதைத் துணைவினை என்பார்கள். வீட்டில் பெயரில்லாமலே நடக்கிறது. மச்சான் 'வந்தார்' என்றால் தகவல். 'வந்துட்டார்' என்றால் காபிக்குப் பாலில்லை என்று பொருள். 'வந்து சேர்ந்தார்' என்றால் பெருமூச்சு. 'வந்து தொலைஞ்சார்' என்பதை நான் மனசுக்குள் மட்டுமே சொல்வேன். ஒருமுறை வாய்தவறி வெளியே வந்தது. மகள் அதை அம்மாவிடம் போட்டுக்கொடுத்தாள். எதையும் போடவில்லை, யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, ஆனாலும் வேலை நடந்துவிட்டது. அன்று ராத்திரி நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைக்கும் போகவில்லை, எதையும் கட்டவுமில்லை. என்னை ஏத்திவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் சமயத்தில் கழட்டிவிட்டார்.

இதையெல்லாம் எந்த வாத்தியாரும் நமக்குப் பட்டியல் போட்டு ஒப்பிக்கவைக்கவில்லை. அடிபட்ட இடத்தில் பொருள் தானாக ஒட்டிக்கொண்டது. ஆகவே மகளிடம், "பட்டியலத் தூக்கிப் போடு. ஒவ்வொன்னுக்கும் நம்ம வீட்டுலருந்து ஒரு வாக்கியம் எழுது, மறக்காது" என்று முழங்கினேன். அவள் எழுதிக் காட்டினாள். 'புட் ஆஃப்' வரிசையில் என் ஒட்டடைக் கம்பு இருந்தது. பொறுத்துப்போகும் 'புட் அப் வித்' வரிசையில் அவள் அம்மா இருந்தாள். 'ரன் அவே'க்கு மச்சானைப் பார்த்த நான். மதிப்பெண் கிடைக்குமா தெரியாது, ஆனால் ஒன்றுகூடத் தப்பில்லை.

இருந்தாலும் விடாமல், துணைவினைக்கும் 'ஃப்ரேசல் வெர்ப்'புக்கும் உள்ள ஒற்றுமையை ஜான்சனில் தொடங்கி முல்லைப் பெரியாறு வரை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்குப் பரீட்சை. புள்ளையப் போட்டுக் குழப்பாதீங்க."

போட்டது யார், எதைப் போட்டார், எங்கே போட்டார்? அருமையான உதாரணம். கேட்டால் இன்னொன்றும் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை.