பாராசூட்டில் வந்த முதலாளி

கேள்வி: தரம் இறங்கிய கால்பந்து கிளப்பைப் புதிதாக ஒருவர் வாங்கினால், ரசிகர்கள் கோல் கணக்கை விட்டுவிட்டு வரவு செலவுக் கணக்கைப் பிடித்துக்கொள்கிறார்களே, ஏன்?

பதில்: இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் ரசிகர்களைக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வார்கள்! 2017-இல் முதல் அடுக்கான பிரீமியர் லீகிலிருந்து விழுந்தார்கள். 2018-இல் மூன்றாம் அடுக்குக்கே போய்விட்டார்கள். அப்போது ஸ்டூவர்ட் டொனால்ட் சுமார் 4 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கினார். பழைய முதலாளி எல்லிஸ் ஷார்ட் கடனை அடைத்துவிட்டுக் கிளம்பினார். ஊருக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் கேள்வி வந்தது: வாங்கிய பணம் யாருடையது?

பிரீமியர் லீகிலிருந்து விழும் கிளப், பெரிய சம்பளப் பட்டியலோடு தரையில் மோதிச் சிதறாமலிருக்க லீக் தருவது ‘பாராசூட்’ பணம். மேலே இருக்கும் அணிகளுக்குச் சமமாகப் பிரித்துத் தரும் ஒளிபரப்புப் பங்கில் முதல் ஆண்டு 55 சதவீதம், அடுத்து 45, பிறகு 20. சண்டர்லேண்டின் அந்தப் பணத்தில் சுமார் 2 கோடி பவுண்டு, கிளப்பை வாங்கிய விலைக்கே போயிருந்தது. பெண் வீட்டு நகையை அடகு வைத்துத் தாலி வாங்கிய மாப்பிள்ளை! அந்தத் தொகையை, உரிமையாளர்கள் கிளப்புக்குத் தரவேண்டிய கடன் என்று கணக்கில் எழுதினார்கள். ரசிகர்கள் அன்றே ஆடிட்டர்களாகிவிட்டார்கள். ஆட்டத்தைவிட அவர்கள் வாதம்தான் சூடாக இருந்தது என்பேன்.

2021-இல் டொனால்டிடமிருந்து கிளப்பின் பொறுப்பை கிரில் லூயி-டிரேஃபஸ் ஏற்றார். 2022-இல் ஒரு படி ஏறிய அணி, 2025-இல் மீண்டும் பிரீமியர் லீகுக்கு வந்துவிட்டது.